பின்சீட்டுக்குப் பதில்

நான் வண்டி ஓட்டுவதில் அண்ணனுக்கு ஆட்சேபணை இருந்ததே இல்லை. தனியாக ஓட்டுவதில்தான் இருந்தது.

என் கணவர் அபுதாஹிர் ஜித்தாவில் வேலை பார்க்கிறார். 1989-இல் விடுப்பில் வந்தபோது நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, எனக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். ராஜபாளையத்தில் எங்கள் கொட்டகையில் ஆறு விசைத்தறிகள் ஓடுகின்றன. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறோம். சுருள்களை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. பின்சீட்டில் அண்ணன் அகமது கபீர் வருவான். துணைக்கு என்று பெயர்.

"லெப்ட்ல ஒடி. ஆரன் அடி. ஏட்டி, மாடு நிக்குது பாரு. மெதுவா, மெதுவா. இப்பப் போ."

மாட்டை அவனுக்கு முன்பே நான் பார்த்திருப்பேன். ஆனால் அவன் சொன்ன பிறகு ஒதுங்கினால் அது அவன் ஒதுக்கிய வண்டி. நான்கு வருடத்தில் நான் ஒரு முறைகூட வழி தவறியதில்லை. அதை அவன் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வான். எனக்குள்தான் ஒன்று குடைந்துகொண்டே இருக்கும். நான் தவறாமல் போனது எனக்கு வழி தெரிந்ததாலா, தவற விடாத ஒரு வாய் பின்னால் இருந்ததாலா? அது தெரியாமலேயே எனக்கு முப்பத்து மூன்று வயதாகிவிட்டது.

1993 ஆகஸ்டில் ஊரில் இருந்த மோட்டார் சைக்கிள் சங்கத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. வேகப் போட்டி அல்ல, வழிகாணும் போட்டி. கையில் ஒரு சார்ட் தருவார்கள். எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும் என்று அதில் இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் திருப்பம் எதுவும் சொல்லாமல் திசையை மட்டும் தருவார்கள். வழியில் ஒளிந்திருக்கும் சோதனைக்காரர்களை உரிய நிமிடத்தில் கடக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் நிமிடத்துக்குப் பத்து அபராதப் புள்ளி. அக்டோபர் இரண்டு, காந்தி ஜெயந்தி விடுமுறை அன்று நடக்கிறது.

அண்ணனுக்கு என்னைவிட உற்சாகம். "போவோம்ட்டி! நீ ஓட்டு, நான் பின்னால இருந்து சார்ட்டைப் படிக்கேன். அண்ணன் தங்கச்சின்னு பேப்பர்ல போட்டோ போடுவான்."

நான் நோட்டீஸின் பின்பக்கத்தில் இருந்த விதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். பதினோராவது விதியை மூன்று முறை படித்தேன். வண்டிக்கு ஓட்டுபவர் ஒருவர், வழிகாட்டி ஒருவர். வழிகாட்டி இல்லாமல் வருபவர், கைப்பிடியை விடாமல் பார்க்கும்படியாக வழிகாணும் கருவிகளை வண்டியில் பொருத்தியிருக்க வேண்டும்.

"நான் தனியாப் போறேன்," என்றேன்.

"சார்ட்டை யாரு படிப்பா?"

"நான்தான்."

"எம்புட்டுத் தூரம் வந்திருக்குன்னு யாரு பாப்பா?"

"நான்தான்."

"திசை?"

"அதுவும் நான்தான்."

"அப்ப வண்டிய யாரு ஓட்டுவா? உன் மாமியாளா?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான் பேசாமல் இருந்ததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டான். எங்கள் வீட்டில் என் மௌனத்தை எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்துக்கு நானும் ஒரு காரணம்.

மறுநாளே தொடங்கினேன். எங்கள் கொட்டகையில் இரண்டு தறி பார்க்கும் வெள்ளத்தாய்தான் எனக்குத் துணை. தறி நின்றால் மெக்கானிக்குக்காகக் காத்திருக்க மாட்டாள். தானே ஸ்பேனரை எடுத்துவிடுவாள்.

முதலில் தூரம். வண்டியிலேயே மீட்டர் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் பார்த்துக்கொண்டே போனேன். பத்துக் கல் தாண்டியபோது மீட்டர் ஒன்பது புள்ளி நாலு காட்டியது. அதை நம்பிப் போனால் நான்காவது திருப்பத்தில் எவன் வீட்டு முற்றத்திலோ போய் நிற்பேன்.

"தறிக் கவுண்டர மாட்டுனா என்னக்கா?" என்றாள் வெள்ளத்தாய். ஊடு நூலைச் சுமக்கும் நாடாக் கட்டை ஒவ்வொரு முறை தறியின் குறுக்கே ஓடும்போதும் ஓர் எண் கூட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி அது. "என் கூலியவே அதுதான் எண்ணுது. உங்க சக்கரத்த எண்ணாதா?"

பழைய கவுண்டர் ஒன்றை முன்பக்க ஃபோர்க்கில் ஒரு பட்டை வைத்துச் சாய்வாகப் பொருத்தினோம். சக்கரத்தில் ஆரக்கம்பியோடு ஒரு சின்னக் கட்டையைக் கட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் கவுண்டரின் கையைத் தட்டும்படி செய்தோம். முதல் தட்டிலேயே கை ஒடிந்து பறந்தது. இரண்டாவது கவுண்டரின் கையில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றினாள் வெள்ளத்தாய். அது தாங்கியது. நாற்பதுக்கு மேல் வேகம் போனால் மட்டும் எண்ணிக்கையைத் தவறவிட்டது. பரவாயில்லை, நான் நாற்பதுக்கு மேல் போகப்போவதில்லை. டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தரையில் உருட்டி அளந்தேன். நான் உட்கார்ந்திருக்கும்போது ஐந்நூற்று நாற்பத்தாறு சுற்று ஒரு கிலோமீட்டர். வேண்டுமென்றே அண்ணனைப் பின்னால் ஏறச் சொல்லியும் அளந்தேன். ஐந்நூற்று நாற்பத்தொன்பது.

"பாத்தியா, நீ ஏறுனா கணக்கே தப்புது," என்றேன்.

அவன் அதை வேடிக்கை என்று நினைத்தான்.

சார்ட்டுக்குப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா. மூடி கண்ணாடிபோல் தெரியும். உள்ளே நூல் சுற்றும் பாபின்கள் இரண்டு. சார்ட்டை நீளமாக வெட்டி ஒட்டி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் திருகை இடது கட்டைவிரலால் தள்ளியபடி வரி வரியாகப் படிக்கலாம். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பிடியில் கட்டினேன்.

கடைசியாகக் காம்பஸ். அது வீட்டிலேயே இருந்தது. வெளியூர் போனால் தொழுகைக்கு எந்தப் பக்கம் முகம் திருப்புவது என்று பார்க்க அபுதாஹிர் அனுப்பிய கிப்லா காம்பஸ். வட்டத் தகட்டைச் சுற்றி எண்கள், ஓர் ஓரத்தில் பள்ளிவாசல் குவிமாடம் வரைந்திருக்கும். எங்கள் பக்கத்துக்கு ஊசி நிற்க வேண்டிய எண்ணுக்கு நேராக அவர் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். ஊசி புள்ளிக்கு வரும்வரை காம்பஸைத் திருப்பினால் குவிமாடம் மக்காவைக் காட்டும். மற்றபடி அதுவும் எல்லாக் காம்பஸையும் போலத்தான். ஊசி எப்போதும் வடக்கைத்தான் பார்க்கும். குவிமாடம் வண்டியின் முன்பக்கம் பார்க்கும்படி பொருத்திவிட்டால், ஊசி குவிமாடத்தில் நிற்கும்போது வண்டி வடக்கே போகிறது என்று அர்த்தம்.

டேங்க்கின் மேல் வைத்தோம். ஊசி டேங்க்கைப் பார்த்தது. ஹெட்லைட் மேல் வைத்தோம். ஹெட்லைட்டைப் பார்த்தது.

"இரும்பக் கண்டா விடமாட்டேங்குதே! எங்க வீட்டுக்காரரு பிராந்திக் கடையப் பாக்க மாதிரி," என்றாள் வெள்ளத்தாய்.

உடைந்த தறி நாடா ஒன்று கிடந்தது. கெட்டியான மரம். இரண்டு பக்கமும் இருந்த இரும்புக் கூர்முனைகளை அறுத்து எறிந்துவிட்டு, கைப்பிடியிலிருந்து ஒரு முழம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டினோம். இரும்பு ஆணி ஆகாது. பழைய ஸ்டவ்விலிருந்து கழற்றிய பித்தளைத் திருகுகளால் காம்பஸை அதில் இறுக்கினோம். ஊசி ஓரளவு அடங்கியது. முழுதாக அடங்கவில்லை. எந்தத் திசையில் எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்தால் போதும், பொய்யைக் கழித்துக்கொள்ளலாம்.

அதற்கு நேர் கிழக்கும் நேர் வடக்குமாகப் போகும் தெருக்கள் வேண்டும். நான் அறிந்து அப்படி இருப்பவை ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகள்தாம். ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணன் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் வண்டியை எடுத்தேன்.

முந்தானையைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு நான்கு வீதிகளையும் சுற்றினேன். ஒவ்வொரு வீதியிலும் நடுவில் நிறுத்தி, ஊசி எங்கே நிற்கிறது என்று குறித்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு விதமாக இருக்கவே மறுபடியும் சுற்றினேன். நான்காவது சுற்றில் ஒரு பூக்காரம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஏம்மா, பாய் வீட்டுப் பிள்ள மாதிரித் தெரியுத. நாலு தடவ சுத்தியாச்சே. வேண்டுதலா?"

"ஆமா ஆச்சி."

"யாருக்கு?"

"ஊசிக்கு."

"பெரிய ஊசியா? எந்த ஆஸ்பத்திரில?" என்று அவள் முகம் வாடியது. நான் வண்டியைச் சாய்த்துக் காம்பஸைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். "இதுக்கா? வழி தெரியலன்னா எங்கிட்டக் கேட்டா சொல்ல மாட்டனா?"

அதுதான் ஆச்சி வேண்டாம் என்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் திமிர் என்பாள். திமிர்தான். பேசாமல் முல்லை ஒரு முழம் வாங்கிக்கொண்டு ஐந்தாவது சுற்றையும் முடித்தேன். நான்கு திசைக்கும் நான்கு பிழைகளை எழுதி டேங்க்கில் ஒட்டினேன்.

போட்டி நாள் காலையில் மைதானத்தில் முப்பது வண்டிகள். பெண் நான் ஒருத்திதான். சங்கச் செயலாளர் சௌந்தரபாண்டியன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். என் வண்டியைச் சுற்றி வந்தார்.

"இதென்னம்மா டிபன் டப்பா? மத்தியானச் சோறா?"

"சார்ட்டுப் பெட்டி அண்ணாச்சி."

"இது?"

"தறிக் கவுண்டர்."

"அப்பத் தறி எங்க, பின்னால வருதா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பின்னால் அண்ணன் வந்தான். தலையில் ஹெல்மெட்டுடன் வந்து, கேட்காமலேயே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். "எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. வழிகாட்டி, அகமது கபீர்."

நான் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

"என்னட்டி?"

"எறங்கு."

"எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். நீ எறங்காம நான் எடுக்க மாட்டேன்." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. செயலாளர் பக்கம் திரும்பினேன். "அண்ணாச்சி, பதினோராவது விதியக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இது மெட்ராஸ் கிளப்புல உள்ளத அப்படியே டைப் அடிச்சதும்மா. யாரும் இப்படி வருவாங்கன்னு..."

"அடிச்சது அடிச்சதுதான?"

அண்ணன் இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கூட்டத்தை விட்டு விலகிப் போனான். அவனை அப்படி நிற்க வைத்தது எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஆனால் மறுபடி ஏறிக்கொள் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

பதினேழாம் எண். ஏழு பதினேழுக்குக் கொடி அசைத்தார்கள்.

சேத்தூர் தாண்டித் தேவதானம் வரைக்கும் முதுகில் காற்று பட்டுக்கொண்டிருந்தது. நான்கு வருடமாக அங்கே வேறோர் ஆளின் சூடுதான் இருந்திருக்கிறது. ஒரு மாடு குறுக்கே வந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒதுங்கினேன். அந்த மாட்டை இன்றுவரை எனக்கு நினைவிருக்கிறது, செவலை, ஒரு கொம்பு மழுங்கியது. கவுண்டர் டக் டக் என்று எண்ணிக்கொண்டே வந்தது. கட்டைவிரல் திருகைத் தள்ள, வரிகள் ஏறி மறைந்தன. முதல் சோதனையில் ஒரு நிமிடம் முந்திவிட்டேன். இரண்டாவதில் அபராதமே இல்லை. சோதனைக்காரர் கடிகாரத்தை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே ஒரு கண்மாய்க் கரையில் திசைக் கட்டம் தொடங்கியது. அங்கே நின்றவர் ஒரு சீட்டு கொடுத்தார். நேர் வடக்கு, 5.2 கிலோமீட்டர், வேகம் 26. அதன் பிறகு கிருஷ்ணன்கோவிலுக்குத் தார் ரோடு, அங்கே போட்டி முடிகிறது. என் எதிரில் ஐந்தாறு வண்டிப்பாதைகள் விசிறிபோல் பிரிந்து கிடந்தன.

கவுண்டரைக் குறித்துக்கொண்டேன். வண்டியை மெதுவாகத் திருப்பினேன். ஊசி ஆடி ஆடி வந்து சிவப்புப் புள்ளியில் நின்றது. மனத்தில் ஒரு நிம்மதி இறங்கியது. இதுதான் பாதை. கிளட்சை விட்டேன்.

போகப் போக மலை முன்னால் பெரிதாகிக்கொண்டே வந்தது. எங்கள் பக்கத்தில் மலை இருக்கிற திசை மேற்கு என்று நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் இன்று கண்ணையும் ஊரையும் கேட்பதில்லை, கருவியை மட்டும் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். ஊசி புள்ளியை விட்டு அசையவில்லை. இவ்வளவு நேராக நான் எப்போதுமே போனதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பாதை திரும்பியதும் ஜனம். மாட்டு வண்டிகள், மொட்டை அடித்த குழந்தைகள், துளசி மாலைகள், கோவிந்தா கோஷம். புரட்டாசிச் சனிக்கிழமை. எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலை என்னும் குன்றின் பெருமாள் கோயில் அடிவாரத்தில் நான் பதினேழு என்ற எண்ணை நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றிருந்தேன்.

கையில் சிவப்புத் துணி கட்டிய தொண்டர் ஒருவர் ஓடி வந்தார். "டூ வீலரு இடது பக்கம்! இடது பக்கம்!"

"கிருஷ்ணன்கோவில் பக்கம் போகணும்ணே."

"அது எங்க கெடக்கு, இது எங்க கெடக்கு! இது மலைக்கோயிலுல்லா?"

வண்டியை ஓரமாக நிறுத்திக் காம்பஸைப் பார்த்தேன். ஊசி சிவப்புப் புள்ளியிலேயே நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது. வடக்கே போக ஊசி குவிமாடத்தில் நிற்க வேண்டும். நான் தொழுகைக்குத் திருப்புவதுபோல் திருப்பியிருக்கிறேன். எத்தனையோ முறை அந்த ஊசி புள்ளிக்கு வந்ததும் 'சரி' என்று பாய் விரித்த கை. ரத வீதிகளில் ஐந்து சுற்றுச் சுற்றிப் படித்ததை அந்தக் கை ஒரு நொடியில் மறந்துவிட்டது. மூன்றரை கிலோமீட்டர் நான் மக்காவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன், பெருமாள் கோயில் குறுக்கே வரும்வரை.

சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. தொண்டர் பயந்துவிட்டார்.

"வெயிலுதான். தண்ணி குடிங்கம்மா. எம்பேரு வீரணன், இந்தப் பக்கம் ஓடை, கரை எல்லாம் எனக்கு அத்துப்படி. செத்த நேரம், பின்னால ஏறிக்கிடுதேன். குறுக்கு வழியாப் பத்தே நிமிஷத்துல கொண்டு விட்டுருதேன்."

பத்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் ஏறினால் இன்னும் பாதி வண்டிகளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம். நல்ல மனிதர். சொன்னதைச் செய்திருப்பார். அவர் ஏற்கெனவே பின்சீட்டில் கை வைத்திருந்தார். மறுக்க என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. அவரிடம் சொல்லிப் புரியவைக்கக்கூடிய நியாயம் எதுவும் இல்லை. ஆனால் இந்தத் தவறு என்னுடையது. முழுக்க முழுக்க என்னுடையதாக நான் செய்த முதல் தவறு. அதைப் பாதியில் இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

"வேண்டாம்ணே. வந்த வழி எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் இங்க வந்தியளாக்கும்," என்று கையை எடுத்துக்கொண்டார்.

கவுண்டர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று கூடியிருந்தது. திரும்பி, அதே எண்ணிக்கை மறுபடி கூடும்வரை போனால் கண்மாய்க் கரை வர வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில் வந்தது. சீட்டுக் கொடுத்தவர் குடையை மடக்கிக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மறுபடி விரித்தார். ஊசியைக் குவிமாடத்துக்குக் கொண்டுவந்தேன். டேங்க்கில் ஒட்டியிருந்த வடக்குப் பிழையைக் கழித்தேன். 5.2 கிலோமீட்டர். தார் ரோடு வரவேண்டிய இடத்தில் வந்தது, ஒரு வேப்ப மரத்தடியில் சோதனைக்காரர் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி, நேரத்தை எழுத வைத்தேன்.

கிருஷ்ணன்கோவிலில் பந்தலில் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அண்ணன் ரோட்டோரம் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, இரண்டடி தள்ளி நின்றுவிட்டான்.

"எங்கட்டி போன?"

"மலைக்கோயிலுக்கு."

"அங்க எதுக்கு?"

"வழி தப்பித்தான்."

சௌந்தரபாண்டியன் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்தார். "வாங்கம்மா, வாங்க. வேன் அனுப்பலாம்னு பேசிக்கிட்டிருந்தோம். ஒண்ணும் கவலப்படாதிய, திசைக் கட்டத்துக்கு ஒங்களுக்கு அபராதம் போடல. கமிட்டில பேசியாச்சு. லேடீஸ்ல நீங்க ஒருத்தர்தான், ஊக்கப் பரிசு ஒண்ணு வச்சிருக்கோம்." மேசையில் ஒரு எவர்சில்வர் குடம் வண்ணத்தாள் சுற்றி நின்றது.

"எத்தன நிமிஷம் பிந்தியிருக்கேன்?"

"அது கெடக்கட்டும்மா."

"முப்பத்தொண்ணு. நான் பாத்துட்டேன். இந்தக் கட்டத்துல வேற யாரும் பிந்தலையா?"

அவர் தாளைப் பார்த்தார். "எட்டாம் நம்பர் இருபத்தினாலு நிமிஷம். ரெண்டு பேரு போயும் தப்பிட்டாங்க."

"அவியளுக்கு?"

"எரநூத்தி நாப்பது."

"அவிய வழி தப்புனா எரநூத்தி நாப்பது. நான் தப்புனா ஒண்ணும் இல்லையா? நான் தப்புனது தப்பு இல்லையா?"

"போட்டா கடேசி எடம்மா," என்றார் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. அவர் நிஜமாகவே எனக்கு நல்லது செய்வதாக நினைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கடேசிலயே போடுங்க."

எட்டாம் நம்பர் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் பென்சிலை எடுத்து, பதினேழுக்கு நேராக இருந்த கட்டத்தில் லேசாக 310 என்று கிறுக்கினார்.

"பேனாவால எழுதுங்க அண்ணாச்சி. மத்தவங்களுக்கெல்லாம் பேனாவுலதான் இருக்கு."

சட்டைப் பையைத் தடவினார். மேசையில் தேடினார். பேனா எங்கே போயிற்றோ தெரியவில்லை, அல்லது கிடைக்க வேண்டாம் என்று தேடினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கால் வலித்தது, வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதுபோல் உள்ளங்கைகள் அதிர்ந்தன. இருட்டும்வரை நிற்க வேண்டுமானாலும் நிற்பதாக இருந்தேன்.

அண்ணன் பக்கத்தில் வந்தான். என்னைப் பார்க்கவில்லை. தன் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவரிடம் நீட்டினான்.

"எழுதுங்க," என்றான்.

அவர் எழுதினார். மூன்று, ஒன்று, சைபர். மை காயும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.